ஆற்று நாற்றம் படத்தில் வருமா? ஓங் கிம் செங்கின் வாட்டர்கலர்கள்

தெருவை வாட்டர்கலரில் வரைகிற ஓவியர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே கூடவே ஒரு வசையும் வரும்: "காலண்டர் படம்". பழைய தெரு, ஓட்டுக்கூரை, மூன்று சக்கர ரிக்‌ஷா, சாய்ந்த வெயில், கொடியில் காயும் துணி. அழகா இருக்கு, அப்புறம்? சிங்கப்பூர் ஓவியர் ஓங் கிம் செங் மேல் இந்தக் குற்றச்சாட்டை வைப்பது ரொம்ப சுலபம். அவர் ஆயுள் முழுக்க வரைந்ததில் பெரும்பகுதி இதுதான். சிங்கப்பூர் ஆறு, சைனாடவுன், பின்சந்துகள், அதைத் தாண்டினால் பாலி, காட்மாண்டு.

குற்றச்சாட்டு பாதி சரி என்பது என் கட்சி. எந்தப் பாதி என்பதில்தான் தகராறு. வழக்கமாகச் சொல்லப்படுவது இரண்டு விஷயம். ஒன்று, இவர் பழசை நினைத்து ஏங்குகிறார். இரண்டு, இவர் அழுக்கைத் துடைத்துவிட்டு வரைகிறார். முதலாவது தப்பு. இரண்டாவது பெரிய அளவுக்கு உண்மை, ஆனால் அதற்குள் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்த விதிவிலக்குக்காகத்தான் நான் இவருடைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாக. 1945-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். ஓவியப் பள்ளி எதிலும் படிக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டவர். வெல்டர், போலீஸ் என்று கிடைத்த வேலைகளைப் பார்த்துக்கொண்டே வரைந்தார். 1983-ல் அமெரிக்கன் வாட்டர்கலர் சொசைட்டியின் விருது கிடைத்தது. முழுநேர ஓவியர் ஆனது 1985-ல், அதாவது நாற்பது வயதில். 1990-ல் சிங்கப்பூர் அரசின் கலாசாரப் பதக்கம். 1991 முதல் 2001 வரை சிங்கப்பூர் வாட்டர்கலர் சொசைட்டியின் தலைவர். விருதுப் பட்டியல் இன்னும் நீளும், அது நமக்குத் தேவையில்லை. தேவையானது அந்த நாற்பது வயது. அதுவரைக்கும் அவர் வரைந்ததெல்லாம் வேலை நேரம் போக மிச்சம் கிடைத்த பொழுதில்.

இது அவர் ஒருவருடைய கதை இல்லை. சிங்கப்பூர் வாட்டர்கலருக்கே அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாறு உண்டு.

அங்கே நவீன ஓவியம் இரண்டு வாய்க்காலாக ஓடியது. ஒன்று, 1938-ல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகத்தைச் சுற்றி வளர்ந்தது. சீனாவிலிருந்து வந்தவர்கள், ஷாங்காயிலும் பாரிஸிலும் படித்தவர்கள், எண்ணெய் வண்ணமும் சீன மையும் கைவந்தவர்கள். லியு காங், சென் சோங் ஸ்வீ, சியோங் சூ பியெங், சென் வென் ஸி நால்வரும் 1952-ல் பாலிக்குப் போய் வந்து ஒரு பாணியையே உருவாக்கினார்கள். கலை வரலாற்றுப் புத்தகங்களில் இந்த வாய்க்காலுக்குத்தான் பக்கங்கள் அதிகம்.

இரண்டாவது வாய்க்கால் ஆங்கிலப் பள்ளிகள் வழியாக வந்தது. ரிச்சர்ட் வாக்கர் என்கிற ஆங்கிலேயர் 1920-களில் சிங்கப்பூருக்கு ஓவிய ஆசிரியராக வந்து, பின்னாளில் அரசுப் பள்ளிகளின் ஓவியக் கல்வி முழுவதற்கும் பொறுப்பேற்றார். அவரும் வாட்டர்கலர்காரர். ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷனில் அவரிடம் கற்ற பையன்களில் ஒருவர் லிம் செங் ஹோ (1912–1979). சீனாவின் சியாமென்னில் பிறந்து, சின்ன வயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். பிழைப்புக்கு அரசாங்க அலுவலக வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்ணப்பெட்டியோடு ஆற்றங்கரை. கூடவே ஒரு கூட்டமும் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தை ஒட்டித்தான் 1969-ல் சிங்கப்பூர் வாட்டர்கலர் சொசைட்டி உருவானது. இளைஞராக இருந்த ஓங், இந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியவர்.

ஏன் வாட்டர்கலர்? நடைமுறைக் காரணம்தான். எண்ணெய் வண்ணத்துக்கு அறை வேண்டும், காய நாள்கணக்கில் ஆகும், துணியும் சட்டமும் காசு. வாட்டர்கலருக்கு ஒரு பெட்டி, ஒரு தாள், ஒரு டப்பா தண்ணீர். பஸ்ஸில் எடுத்துப் போகலாம், இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அதற்கு மேல் உட்கார்ந்தாலும் பயனில்லை, நிழல் நகர்ந்துவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டிய ஆளுக்குப் பொருத்தமான ஊடகம். (வார இறுதியில் மட்டும் ஆராய்ச்சி செய்யும் எனக்கு இந்தக் கூட்டத்தின் மேல் ஒரு பாசம் வருவதில் ஆச்சரியம் இல்லை. அதைச் சொல்லிவிட்டே விமர்சிக்கிறேன்.)

சரி, அவர்கள் எதைப் பார்த்து வரைந்தார்கள்?

சிங்கப்பூர் ஆறு அந்தக் காலத்தில் துறைமுகத்தின் குடல் மாதிரி. கப்பல்கள் கடலில் நிற்கும். சரக்கைத் துவாக்கோ என்கிற தட்டையான மரப்படகுகள் ஏற்றி ஆற்றுக்குள் கொண்டுவரும். போட் கீ கரையில் பலகை போட்டு, கூலிகள் அரிசி மூட்டையையும் ரப்பரையும் தோளில் சுமந்து கிடங்குக்குள் போவார்கள். படகின் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருக்கும், வழி தெரிய வேண்டும் என்பதற்காக. முகப்பு சிவப்பாக இருந்தால் தியோச்சியூக்காரர்கள் படகு, பச்சையாக இருந்தால் ஹொக்கியன். இவர்களுக்கு முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், இந்த ஆற்றின் சரக்குப் படகுகளில் நம்ம ஊர் ஆட்கள்தான் நிறைய இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள், அங்கே சூலியா என்று அழைக்கப்பட்டவர்கள். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னும் சூலியா ஸ்ட்ரீட் என்ற பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன.

அந்த ஆறு நாறியது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. படகு எண்ணெய், அழுகிய காய்கறி, தெருவோர உணவுக் கடைகளின் கழிவு, குடிசைகளின் சாக்கடை, மேலே ஓடைகளின் ஓரத்துப் பன்றிப் பண்ணை வாத்துப் பண்ணைக் கழிவு எல்லாம் அதில்தான். 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கிற மாதிரி ஆக்கவேண்டும் என்றார். ஆக்கினார்கள். சுமார் 26,000 குடும்பங்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டன. கிட்டத்தட்ட 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடிகளுக்குள் போனார்கள். 1983-ல் துவாக்கோக்கள் மொத்தமாகக் கிளம்பிப் பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பப்பட்டன. 1987-ல் வேலை முடிந்தது. செலவு சுமார் 170 மில்லியன் சிங்கப்பூர் டாலர்.

இப்போது முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம், ஏக்கம்.

1970-களில் ஆற்றங்கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து துவாக்கோவை வரைந்த ஓங், எதை நினைத்தும் ஏங்கவில்லை. கண்ணெதிரே இருந்ததை வரைந்தார். இன்று சென்னையில் ஒருவர் ஷேர் ஆட்டோவை வரைந்தால் அது எவ்வளவு ஏக்கமோ அவ்வளவுதான் அதுவும். துவாக்கோக்கள் 1983-ல் போன பிறகு அதே தாள், அதே வண்ணம் வேறு படமாகிவிட்டது. ஏக்கத்தை அதில் ஏற்றியது ஓவியர் இல்லை, நகரத் திட்டம். ஆற்றுப் படங்களைப் பார்க்கும்போது முதலில் தேதியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 1983-க்கு முன்னால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைந்த துவாக்கோ ஒரு சாட்சியம். அதற்குப் பிறகு பழைய போட்டோவை வைத்து வரைந்த துவாக்கோ ஒரு நினைவுப்பொருள். சந்தையில் இரண்டாவது வகைக்கு இன்றும் கிராக்கி உண்டு, பல ஓவியர்கள் அதை வரைந்து தள்ளியிருக்கிறார்கள். அதற்கான பழியை முதல் வகை ஏற்கவேண்டியதில்லை.

ஏக்கம் எப்படிக் காலம் பார்த்து வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இன்னொரு உதாரணம். ஆற்றைச் சுத்தம் செய்யச் சொன்ன அதே 1977-ல் கட்டி முடிக்கப்பட்டது ரோச்சோர் சென்டர். நான்கு பெரிய அடுக்குமாடித் தொகுதிகள், கீழே கடைகள். பழைய கடைவீடுகளைத் தள்ளிவிட்டு வந்த புது சிங்கப்பூரின் முகம் அது. பின்னாளில் நான்கு கட்டடத்துக்கும் நான்கு கண்ணைப் பறிக்கும் வண்ணம் அடித்தார்கள். 2018-ல் நெடுஞ்சாலைக்காக இடித்தார்கள். இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், ஸ்கெட்ச் புத்தகத்தோடு அங்கே போய் வரைந்தவர்கள் ஏராளம். எந்தக் கட்டடத்தைப் பார்த்துப் பழைய தெரு போச்சே என்றார்களோ, அந்தக் கட்டடத்துக்கே நாற்பது வருஷத்தில் அதே பிரிவுபசாரம்.

அசல் ஏக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டுமானால் ஆற்றங்கரையிலேயே வெண்கலத்தில் இருக்கிறது. ஃபுல்லர்டன் ஹோட்டல் பக்கம் ஆற்றில் குதிக்கிற ஐந்து பையன்கள், சோங் ஃபா சியோங் செய்த சிலை. கொஞ்சம் தள்ளி ஒரு செட்டியாருக்கும் வெண்கலச் சிலை உண்டு. கணக்குப்பிள்ளை வேலை பார்த்த இடத்திலிருந்து வங்கி அதிகாரிகள் வரை ஒரு நேர்க்கோடு போட்டுக் காட்டும் சிலை. அதில் எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். நடந்ததெல்லாம் இன்றைக்கு வந்து சேரத்தான் நடந்தது என்கிற மாதிரி. ஓங்கின் நல்ல படம் எதிலும் இந்த நேர்க்கோடு கிடையாது. அவருடைய படகுக்கு அடுத்து என்ன ஆகப்போகிறது என்பது தெரியாது.

இரண்டாவது குற்றச்சாட்டு, சுத்தம். இது அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடியது இல்லை.

வாட்டர்கலரின் அடிப்படையே வெளுப்பு. இதில் வெள்ளை என்பது வண்ணம் கிடையாது, தாள். எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தாளைத் தொடாமல் விடவேண்டும். வண்ணம் ஒரு மெல்லிய கண்ணாடி மாதிரி தாளின் மேல் படிய, வெளிச்சம் அதன் வழியே உள்ளே போய்த் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. நல்ல வாட்டர்கலர் உள்ளிருந்து ஒளிர்கிற மாதிரி தெரிவது அதனால். இந்த ஊடகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கும் பெரிய பயத்துக்குப் பெயரே "சேறு". எதிரெதிர் வண்ணங்களை அதிகம் கலந்தாலோ, ஈரம் காயுமுன் திரும்பத் திரும்பத் தேய்த்தாலோ, கண்ணாடி கலங்கிச் சேறாகிவிடும். வகுப்பில் முதல் நாளே சொல்வார்கள்: வண்ணத்தைச் சுத்தமாக வை.

இப்போது இதை ஆற்றோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு நிஜமாகவே சேறு. அதை வரைய எடுத்துக்கொண்ட ஊடகத்தின் முதல் விதி, சேறு வராமல் பார்த்துக்கொள். அரசாங்கம் 1977-ல் தொடங்கிய சுத்தப்படுத்தலை வாட்டர்கலர் அதற்கு முன்பே தாளின் மேல் செய்துவிட்டது என்று நான் சொன்னால் அது கிண்டல் மட்டும் இல்லை. ஓங்கின் ஆற்றுப் படங்களில் தண்ணீர் மினுக்குகிறது. நீலமும் பச்சையும் வெயிலின் வெள்ளைக் கீறல்களும். அதில் கை விட்டுக் கழுவலாம் போல இருக்கிறது. அந்தக் கரையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றார்கள்.

இந்த விதியை மீறலாம் என்பதற்குச் சாட்சி, அவருக்கு மூத்தவரான லிம் செங் ஹோவே. 2018 கடைசியில் ஆபீஸ் வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தபோது, நேஷனல் கேலரியில் லிம்மின் பெரிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு மாலை முழுக்க அங்கேயே இருந்தேன். லிம்முக்கு வெயில் மேல் அவ்வளவு பிரேமை இல்லை. மழைக்கு முந்தைய வானம், சாம்பல் தண்ணீர், நனைந்த தாளில் ஒன்றுக்குள் ஒன்று கசியும் பழுப்பு. படகுகள் ஒரே தீற்றலில் வந்து போகும். சில இடங்களில் வண்ணம் நிஜமாகவே கலங்கியிருக்கிறது, அவரும் அதைக் காப்பாற்றப் பார்க்கவில்லை. அந்தக் கலங்கலில்தான் ஆறு இருக்கிறது. நாற்றத்தை வரைய முடியாது, ஆனால் மூக்கைச் சுளிக்கவைக்கிற ஒரு பழுப்பு இருக்கிறது, அது லிம்முக்குத் தெரிந்திருந்தது. கைத்திறனில் ஓங் அவரைவிட ஒரு படி மேலே என்றே சொல்வேன். தண்ணீர் விஷயத்தில் மட்டும் லிம்தான் உண்மையானவர்.

ஆக, ஓங் ஒரு அழகுபடுத்துகிறவர், கேஸ் முடிந்தது என்று மூடிவிடலாமா? நானும் ரொம்ப நாள் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். படத்தின் வெயில் பக்கத்தை விட்டு நிழல் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கியபோது கணக்கு மாறியது.

ஓங்கின் தெருப்படம் ஏறக்குறைய எப்போதும் இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பக்கம் பளீர் வெயில்: சுவர், ஓடு, ஜன்னல் கதவு. இன்னொரு பக்கம் கனத்த நிழல். சிங்கப்பூர், மலேசியாவின் பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு ஒரு தாழ்வாரம் ஓடும், 1822-ல் ராஃபிள்ஸ் போட்ட நகரத் திட்டத்தின் விதி அது. மலாயில் காக்கி லீமா என்பார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க வைத்த இடம். கொஞ்ச நாளில் அதுவே வீடாகவும் கடையாகவும் பட்டறையாகவும் ஆகிவிட்டது. முடிவெட்டுகிறவர், கடிதம் எழுதித் தருகிறவர், செருப்புத் தைக்கிறவர் எல்லாம் அங்கேதான். நடக்கத்தான் இடமிருக்காது.

வழக்கமான தெரு ஓவியர் இந்த நிழலை ஒரு கருநீலப் பட்டையாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அவருக்கு அது வெயிலை எடுத்துக்காட்டும் சட்டம், அவ்வளவுதான். ஓங் அப்படிச் செய்வதில்லை. நிழலுக்குள் அவர் எண்ணுகிறார். அடுக்கிய பெட்டிகள், பிளாஸ்டிக் வாளி, துருப்பிடித்த தகரம், தொங்கும் ஒயர், சாய்த்து வைத்த சைக்கிளின் பின்சக்கரம், குந்தியிருக்கும் ஒரு முதுகு. எல்லாம் ஊதாவுக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரே அடர்த்தியில், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிக்க மெனக்கெட வேண்டிய நெருக்கத்தில். வெயில் பக்கம் அவர் விட்டுவிட்டதெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இது லேசான வேலை இல்லை. வாட்டர்கலரில் நிழலை ஒரே மூச்சில் போடவேண்டும். இரண்டாம் தடவை தொட்டால் கலங்கும். அந்த ஒரு மூச்சு காய்வதற்குள் உள்ளே பொருள்களை நுழைக்கவேண்டும், அல்லது நன்றாகக் காயவிட்டு மேலே இன்னொரு கண்ணாடிப் பூச்சு கொடுக்கவேண்டும். சிங்கப்பூரின் ஈரக்காற்றில் தாள் காய்வதற்கு ரொம்ப நேரம் எடுக்கும். வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். இவ்வளவு சிரமப்பட்டு, பார்வையாளர்களில் பாதிப்பேர் கவனிக்கவே போகாத ஒரு வாளியை இருட்டுக்குள் வரைகிறவரை நான் காலண்டர் ஓவியர் என்று சொல்லமாட்டேன். காலண்டர் ஓவியருக்கு அந்த வாளி வேண்டாம்.

ஏழ்மையை வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சந்து ஒரு வடிவம், நல்ல கோடுகள், நல்ல கோணம். உள்ளே வளர்ந்தவருக்கு அந்த வாளி யாருடையது, தகரம் எதை மறைக்க வைத்தது, துணி ஏன் அங்கே காய்கிறது என்பது தெரியும். ஓங்கின் பின்சந்துப் படங்களில், கடைவீடுகளின் முதுகுப்பக்கம் சுழன்று இறங்கும் அந்த இரும்புப் படிக்கட்டுகள் வரும் படங்களில், இந்தத் தெரிதல் இருக்கிறது. முகப்பு வாடிக்கையாளருக்கு, முதுகு குடியிருப்பவர்களுக்கு. அவர் முதுகை வரையும்போது நன்றாக வரைகிறார்.

இதே அளவுகோலை வைத்தால் அவருடைய எந்தப் படங்கள் பலவீனம் என்பதும் தெரிந்துவிடும். 1970-களின் பிற்பகுதியிலேயே அவர் நேபாளம் போனவர். பிறகு பாலி, இன்னும் பல ஊர்கள். தன்னுடைய தெரு கண்ணெதிரே காணாமல் போக, அதே மாதிரித் தெருவைத் தேடி அவர் வெளியே போனார் என்று எனக்குப் படுகிறது. இது என் வாசிப்பு மட்டுமே. காட்மாண்டு படங்களின் வேலைப்பாடு அபாரம். உலர்ந்த மலைக்காற்றில் வண்ணம் சட்டென்று காயும், விளிம்புகள் கத்தி மாதிரி வந்திருக்கின்றன. செதுக்கிய மர ஜன்னல்களின் ஒவ்வொரு பள்ளமும் இருக்கிறது. ஆனால் நிழலுக்குள் போய்ப் பார்த்தால் அங்கே சாமான் குறைவு. நிழல் வெறும் நிழலாக, அழகான ஊதாவாக நிற்கிறது. வாளி யாருடையது என்று தெரியாத ஊர் அது. அமெரிக்க நடுவர்களுக்கு எது பிடித்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. எனக்கு என்னவோ, சிங்கப்பூரின் ஒரு அழுக்குச் சந்துக்கு இந்த மூன்று கோயில் சதுக்கங்களைத் தந்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

மனிதர்கள் விஷயத்தில் இன்னொரு குறை, இது சிங்கப்பூர் படங்களுக்கும் பொருந்தும். ஓங்கின் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாருக்கும் முகம் இல்லை. மூன்று தீற்றல் தூரிகையில் ஒரு ஆள்: தலை, சட்டை, கால். முதுகு காட்டி நடந்து போவார்கள், குனிந்திருப்பார்கள். நான் பார்த்த ஆற்றுப் படங்களில் நம்மை நேராகப் பார்க்கும் கண்கள் துவாக்கோ முகப்பில் வரைந்திருக்கும் அந்த இரண்டு கண்கள்தான். மூட்டை தூக்கும் கூலியின் கண் எங்கும் வரவில்லை. தூரத்திலிருந்து ஸ்டூல் போட்டு வரைகிறவரின் கண்ணியம் இது என்று ஒரு பதில் உண்டு. முகத்தை எடுத்துக்கொள்ள அவர்களிடம் அனுமதி கேட்கவில்லையே, விட்டுவிடுவதுதான் மரியாதை என்று. அந்தப் பதில் எனக்குப் பாதிதான் போதுகிறது. ஒரே வெள்ளம் மாதிரி 26,000 குடும்பங்களை நகர்த்திய காலத்தில் ஒரு முகமாவது வேண்டியிருந்தது. ஓங் கட்டடங்களுக்குக் கொடுத்த தனித்தன்மையை ஆட்களுக்குக் கொடுக்கவில்லை. அவரிடம் சுவருக்கு வயது தெரியும், மனிதருக்குத் தெரியாது.

கடைசியாக, இவருடைய படங்களைத் தேடிப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். இணையத்திலும் புத்தகங்களிலும் பார்த்தால் இவர் காலண்டர் ஓவியர்தான் என்று உங்களுக்குத் தோன்ற வாய்ப்பு அதிகம். காரணம் தொழில்நுட்பம். வாட்டர்கலரை ஸ்கேன் செய்கிறவர்கள் தாளின் வெள்ளை பளிச்சென்று தெரியவேண்டும் என்று கான்ட்ராஸ்டை ஏற்றுவார்கள். ஏற்றினால் வெயில் பக்கம் ஜொலிக்கும், நிழல் பக்கத்தின் ஊதாவும் பழுப்பும் நீலமும் ஒரே கறுப்பில் போய் விழும். அதற்கு மேல் ஜேபெக் சுருக்கம் வேறு, இருட்டில் இருக்கும் நுண்ணிய வேறுபாடுகளைத்தான் அது முதலில் பலிகொடுக்கும். வாளி, தகரம், குந்தியிருக்கும் ஆள் எல்லாம் போய்விடும். மிஞ்சுவது அழகான ஓடும் வெயிலும். போனில் பார்க்கிறீர்கள் என்றால் படத்தைச் சேமித்து, எடிட்டரில் ஷேடோஸ் என்று இருப்பதை மட்டும் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். நல்ல ஸ்கேனாக இருந்தால் தாழ்வாரத்துக்குள் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சிங்கப்பூர் போக வாய்த்தால் நேராகவே பாருங்கள். படத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று, வெயில் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு.